இருப்பு எவ்வளவு? வியாழன்தோறும் வந்த கேள்வி

கடைக்கு வந்தவர் ஒரு கிலோ வெல்லம் கேட்கிறார். பையன் டின்னை எட்டிப் பார்த்துவிட்டு, "தீர்ந்துபோச்சுங்க" என்கிறான். வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார். மாலையில் முதலாளி குடோனைத் திறந்தால் மூலையில் இரண்டு சிப்பம் வெல்லம் உட்கார்ந்திருக்கிறது. இந்த அனுபவம் இல்லாத மளிகைக்கடைக்காரர் நம்மில் ஒருவர்கூட இருக்க முடியாது. நஷ்டம் என்னவோ சில ரூபாய் லாபமும், பையன் மேல் கொஞ்சம் கோபமும்தான்.

இதே "தீர்ந்துபோச்சு" என்ற சொல்லை, காய்ச்சலில் துவளும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பல மைல் நடந்து வந்த ஒரு தாயிடம் ஒரு சுகாதார நிலையத்தில் சொன்னால் என்ன ஆகும்? அதுவும் அதே மருந்து, பக்கத்து ஊர் நிலையத்தில் யாரும் கேட்பாரில்லாமல் காலாவதித் தேதியை நோக்கிக் கிடக்கும்போது சொன்னால்?

மருந்துக் கணக்குக்கும் மளிகைக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்க வேண்டாம். சரக்கு வரவு, பற்று, இருப்பு என்பவை எங்கும் ஒன்றுதான். ஆஸ்பத்திரிகளில் இந்தக் கணக்கைச் சரிசெய்ய உலகில் பல இடங்களில் எளிய கருவிகளைக் கையாண்டிருக்கிறார்கள். லட்சக்கணக்கில் செலவு பிடிக்கும் கம்ப்யூட்டர்கள் அல்ல. சில இடங்களில் சாதாரணப் பொத்தான் வைத்த செல்போன் மட்டுமே. அவற்றில் சில ஜெயித்தன, சில பாதிதான் ஜெயித்தன. ஏன் என்பதில் நமக்கும் தெரிந்துகொள்ள விஷயம் இருக்கிறது.

நான்கு அளவுப் பாக்கெட்

கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள டான்சானியாவில் மலேரியா ஒரு பெரிய எமன். அங்கே அதிகம் பரவும் வகை, சிறு குழந்தையை ஓரிரு நாளிலேயே ஆபத்தான கட்டத்துக்குக் கொண்டுபோய்விடக் கூடியது. அதற்கு நல்ல மருந்தும் உண்டு. ஆர்ட்டிமீத்தர், லூமிஃபான்ட்ரின் என்ற இரண்டும் ஒரே மாத்திரையில் சேர்ந்தது. மூன்று நாளில் ஆறு வேளை சாப்பிட வேண்டும். 5 கிலோ முதல் 15 கிலோவுக்குள் எடையுள்ள குழந்தைக்கு வேளைக்கு ஒன்று, ஆக 6 மாத்திரை. அதற்கு மேற்பட்ட எடைக்கு 12, அதற்கும் மேல் 18, பெரியவர்களுக்கு 24. இப்படி நான்கு அளவுப் பாக்கெட்டுகள், நான்கும் வேறு வேறு நிறத்தில்.

அந்த நாட்டின் அரசு மருந்துக் கிடங்குத் துறை தார் எஸ் சலாம் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கியது. கிராமத்துச் சுகாதார நிலையங்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தேவைப் பட்டியலை எழுதி மாவட்டம் வழியாக அனுப்பும். பட்டியல் போய், சரக்கு வந்து இறங்கும் வரை அந்த அலமாரியில் என்ன இருக்கிறது, எது தீர்ந்தது என்று மேலே இருக்கும் யாருக்கும் தெரியாது. நாமே நினைத்துப் பார்ப்போம். மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் மொத்தக் கடைக்கு ஆர்டர் கொடுக்கலாம், நடுவில் போன் பேசக்கூடாது என்று ஒரு விதி இருந்தால் நம் கடை அலமாரி எப்படி இருக்கும்? பாதி காலியாகவும், மீதி வேண்டாத சரக்கால் நிரம்பியும் இருக்கும்.

2009-ல் அங்கே ஒரு பரிசோதனை தொடங்கியது. டான்சானிய சுகாதார அமைச்சகத்தோடு நோவார்ட்டிஸ், வோடபோன், ஐ.பி.எம். ஆகிய கம்பெனிகள் சேர்ந்தன. மலேரியா மாத்திரையைத் தயாரிப்பதே நோவார்ட்டிஸ்தான். ஆகவே தன் சரக்கு கடைசிக் கிராமம் வரை போய்ச் சேருகிறதா என்பதில் அதற்கு அக்கறை இருந்தது வியாபாரிகளான நமக்குப் புரியாத விஷயமல்ல. லிண்டி ஊரகம், உலாங்கா, கிகோமா ஊரகம் என்று மூன்று மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 129 சுகாதார நிலையங்கள், 226 கிராமங்கள், சுமார் 12 லட்சம் மக்கள். காலம் 21 வாரம். திட்டத்துக்கு "உயிர் காக்கக் குறுஞ்செய்தி" என்ற பொருளில் எஸ்.எம்.எஸ். ஃபார் லைஃப் என்று பெயர் வைத்தார்கள்.

செய்தது இவ்வளவுதான். வாரம் ஒரு முறை, வியாழக்கிழமை, ஒவ்வொரு நிலையத்தின் பொறுப்பாளருடைய சொந்த செல்போனுக்கு ஒரு குறுஞ்செய்தி தானாகவே போகும்: இருப்பு எவ்வளவு? அவர் அலமாரிக்குப் போய் நான்கு நிறப் பாக்கெட்டுகளையும், கடுமையான நோயாளிக்குப் போடும் குயினைன் ஊசி மருந்தையும் எண்ணி, ஐந்து எண்களையும் பதிலாக அனுப்ப வேண்டும். பதில் அனுப்பக் காசு கிடையாது. மறந்தவருக்கு வெள்ளிக்கிழமை ஒரு நினைவூட்டல் வரும். குறித்த நேரத்துக்குள் பதில் தந்தவருடைய போனில் சிறிது பேச்சுக் கட்டணம் இலவசமாக ஏறும். திங்கட்கிழமை மாவட்ட மருத்துவ அதிகாரியின் கையில் எல்லா நிலையங்களின் இருப்பும் ஒரே பட்டியலாக இருக்கும்.

புதுக் கருவி எதையும் வாங்கித் தரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பொறுப்பாளரின் பையில் ஏற்கெனவே இருந்த போன்தான். படிவம் இல்லை, கம்ப்யூட்டர் பயிற்சி இல்லை, கரண்ட் போய்விட்டது என்ற சாக்கும் இல்லை. நம் ஊரில் வாரா வாரம் குறித்த கிழமையில் வரும் லைன் சேல்ஸ்மேன், "அண்ணாச்சி, சோப்பு எத்தனை இருக்கு, பிஸ்கட் எத்தனை இருக்கு" என்று அலமாரியைப் பார்த்தபடியே ஆர்டர் எழுதுவானே, அவனுடைய வேலையைத்தான் அந்தக் குறுஞ்செய்தி செய்தது.

முதல் வாரக் கணக்கு வந்தபோது நிலைமை வெளிச்சமாயிற்று. நூற்றுக்கு 78 நிலையங்களில், இந்த ஐந்து மருந்துகளில் ஏதாவது ஒன்றாவது இல்லை. இதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 78 நிலையங்களில் மருந்தே இல்லை என்று பொருளல்ல. ஐந்தில் ஒன்றோ அதற்கு மேலோ இல்லை. ஒரு நிற மாத்திரை தீர்ந்தால் இன்னொன்றைப் பிரித்துக் கொடுக்கவும் வழி உண்டு, மாத்திரை ஒன்றேதான். அரைக் கிலோ பாக்கெட் இல்லாவிட்டால் நாம் ஒரு கிலோ பாக்கெட்டைப் பிரித்து நிறுத்துக் கொடுப்பதில்லையா? ஆனால் அப்படிப் பிரிக்கும்போது கணக்கும் குழம்பும், மூன்று நாள் எப்படிச் சாப்பிட வேண்டும் என்று படம் போட்ட அட்டையும் போய்விடும். குயினைன் ஊசி மருந்து இல்லையென்றால் பிரித்துக் கொடுக்க எதுவும் இல்லை.

21-வது வாரத்தில் அந்த 78 என்பது 26-ஆக இறங்கியிருந்தது. மூன்று மாவட்டங்களிலும் சேர்த்து மாத்திரை இருப்பு நூற்றுக்கு 64 பங்கும், குயினைன் இருப்பு 36 பங்கும் கூடியிருந்தன. எல்லாவற்றையும்விட ஒரு வியாபாரியை வியக்கவைப்பது பதில் வந்த ஒழுங்கு. பரிசோதனைக் காலம் முழுவதும் நூற்றுக்கு 93 நிலையங்களுக்குக் குறையாமல் பதில் அனுப்பின. எண்களை வரிசை மாற்றித் தட்டியது போன்ற பிழைகள் சராசரியாக நூற்றுக்கு ஏழரை. அவையும் பெரும்பாலும் உடனே திருத்தி அனுப்பப்பட்டன. நேரில் போய் அலமாரியை எண்ணிப் பார்த்தபோது நூற்றுக்கு 94 பங்கு சரியாக இருந்தது. நம் கடைகளில் மார்ச் முடிவில் இருப்பு எடுக்கும்போது ஏட்டுக்கும் சரக்குக்கும் இவ்வளவு பொருத்தம் இருக்குமா என்று அவரவர் நெஞ்சில் கைவைத்துச் சொல்லலாம்.

ஒரே கேள்வி, வேறு வேறு பலன்

இங்கேதான் சிந்திக்க வேண்டிய இடம் வருகிறது. மூன்று மாவட்டங்களுக்கும் ஒரே குறுஞ்செய்தி, ஒரே கிழமை, ஒரே சலுகை. ஆனால் ஒரு மாவட்டத்தில் எட்டாவது வாரத்திலேயே பற்றாக்குறை ஒழிந்து, அதன்பின் ஏறக்குறைய தலைகாட்டவே இல்லை. மற்ற இரண்டிலும் குறைந்ததே தவிர ஒழியவில்லை.

கருவி ஒன்றுதான் என்றால் வித்தியாசம் எங்கிருந்து வந்தது? பட்டியலைப் பெற்ற பின் நடக்கும் காரியங்களை வைத்துத்தான் யோசிக்க வேண்டும். திங்கட்கிழமைப் பட்டியல் என்பது வெறும் தகவல். அதைப் பார்த்துவிட்டு, மிகுதியாக இருக்கும் நிலையத்திலிருந்து இல்லாத நிலையத்துக்குச் சரக்கை மாற்ற வேண்டும். அல்லது மேலே எழுதி அவசர சப்ளை கேட்க வேண்டும். அதற்கு ஜீப் வேண்டும், டீசல் வேண்டும், "எடுத்துக்கொண்டு போ" என்று சொல்லும் அதிகாரம் வேண்டும். மாவட்டக் கிடங்கிலேயே சரக்கு இல்லையென்றால் எத்தனை குறுஞ்செய்தி வந்தாலும் ஒரு மாத்திரைகூட முளைக்காது. குறுஞ்செய்தி ஒரு நிலையத்தின் காலி அலமாரியைக் காட்டும். நிரப்புவது வேறு கைகள்.

இதை இன்னும் தெளிவாகக் காட்டியது, டான்சானியாவுக்குத் தெற்கே ஒட்டியிருக்கும் மலாவி நாடு. அங்கே கிராமங்களிலேயே தங்கி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மலேரியா, நிமோனியா, வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்கு மருந்து கொடுக்கும் ஊழியர்கள் உண்டு. மருந்து தீர்ந்தால் அவர்கள் தொலைவில் உள்ள சுகாதார நிலையத்துக்குப் பெரும்பாலும் சைக்கிளில் போய் வாங்கி வர வேண்டும். போனபின் "இங்கேயும் இல்லை" என்று கேட்டுத் திரும்புவது வாடிக்கை.

2011-ல் அங்கே சி-ஸ்டாக் என்ற ஏற்பாடு வந்தது. ஊழியர் தன் கையிருப்பையும் வாங்கிய அளவையும் குறுஞ்செய்தியாக அனுப்புவார். கம்ப்யூட்டர் அவருடைய செலவைக் கணக்கிட்டு, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று சுகாதார நிலையத்துக்குச் சொல்லும். நிலையத்தார் மருந்தை எடுத்து வைத்துவிட்டு "தயார்" என்று பதில் போட்ட பிறகுதான் ஊழியர் சைக்கிளை எடுப்பார். வீண் நடை மிச்சம். கமிஷன் மண்டிக்கு முதலில் போன் போட்டுக் கேட்டுக்கொண்டு வண்டி அனுப்புவது நமக்குப் பழக்கம்தான்.

ஆறு மாவட்டங்களில் நடத்தினார்கள். ஆறிலும் சி-ஸ்டாக் உண்டு. மூன்று மாவட்டங்களில் அதோடு சைக்கிளைப் பழுது பார்க்கும் பயிற்சியும் கொடுத்தார்கள். சரக்கு வராததற்குச் சைக்கிள்தான் காரணம் என்று நினைத்தது நியாயமே. மற்ற மூன்று மாவட்டங்களில், மாவட்ட அதிகாரிகள், சுகாதார நிலையத்தார், ஊழியர்கள் ஆகியோர் சேர்ந்த குழுக்களை அமைத்தார்கள். அந்தக் குழுக்கள் கூடி உட்கார்ந்து கணக்கைப் பார்க்கும்: யார் கணக்கு அனுப்பவில்லை, எங்கே மருந்து இல்லை, ஏன் இல்லை. நன்றாகச் செய்தவரைப் பாராட்டுவதும் உண்டு. முடிவில் குழுக்கள் இருந்த மாவட்டங்களில்தான் கணக்கும் ஒழுங்காக வந்தது, மருந்தும் கூடுதலாகக் கிடைத்தது. சைக்கிள் ரிப்பேர் தோற்றது என்று நான் சொல்லவில்லை. பஞ்சர் ஒட்டத் தெரிவதும் நல்லதுதான். ஆனால் அனுப்பிய கணக்கை ஒருவர் படித்தார், படித்துவிட்டுக் கேட்டார் என்பது தெரிந்தால் அனுப்புகிறவர் அடுத்த மாதமும் அனுப்புவார். கேட்க நாதி இல்லையென்றால் இரண்டு மாதத்தில் கை ஓய்ந்துவிடும். நம் கடையில் கணக்கு எழுதும் பையனுக்கும் இதே மனசுதான்.

நம் மாநிலத்துப் பாஸ்புக்

வெளிநாட்டுக் கதை போதும். இவற்றுக்கெல்லாம் முன்பே நம் தமிழ்நாட்டில் நடந்த காரியம் பலருக்குத் தெரியாது. அரசு ஆஸ்பத்திரி வேறு, கடை வேறு என்று நாம் அந்தப் பக்கம் கவனித்துப் பார்த்ததில்லை.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994 ஜூலையில், அரசுக்கே சொந்தமான ஒரு கம்பெனியாகப் பதிவு செய்யப்பட்டது. 1995 ஜனவரியில் மருந்து விநியோகத்தைத் தொடங்கியது. இதை உருவாக்கியதில் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஆர்.பூர்ணலிங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலைச் சுருக்கி, டெண்டர் விட்டு மொத்தமாக வாங்கி, மாவட்டங்களில் கிடங்கு அமைத்து, அங்கிருந்து ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுப்பது என்பது ஏற்பாடு. மொத்தக் கொள்முதலாலும், சப்ளை செய்தவருக்கு இழுத்தடிக்காமல் பணம் கொடுத்ததாலும் விலை இறங்கியது. அரசாங்கத்துக்குச் சரக்குப் போட்டால் எப்போது பணம் வருமோ என்ற பயத்தையும் சேர்த்துத்தான் நாமெல்லாம் விலை போடுகிறோம் என்பது ஊரறிந்த ரகசியம்.

நமக்கு ரசனையாக இருப்பது அவர்கள் கையாண்ட பாஸ்புக். பாங்க்கில் கொடுப்பார்களே, அதே மாதிரி. ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரிக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அந்த ஆண்டுக்கான மருந்து ஒதுக்கீடு இத்தனை ரூபாய் என்று பாஸ்புக்கில் வரவு வைக்கப்படும். மாவட்டக் கிடங்குக்கு வந்து மருந்து எடுக்கும்போது அதன் மதிப்பு பற்றாக எழுதப்படும். மீதி எவ்வளவு என்பது இரு தரப்புக்கும் தெரியும். பழைய முறையில் மேலிடம் அனுப்புவதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். பாஸ்புக் வந்தபின் டாக்டர் தன் ஊருக்கு எது தேவையோ அதைத் தன் ஒதுக்கீட்டுக்குள் தானே கேட்டு எடுக்கலாம். பணம் தன் கணக்கிலிருந்து போகிறது என்னும்போது வேண்டாத சரக்கை அள்ளிக்கொண்டு போக யாருக்கும் மனம் வராது.

கிடங்குகளில் கம்ப்யூட்டரும் வந்தது. பல அரசு அலுவலகங்களில் தட்டச்சு இயந்திரம் ஒலித்துக்கொண்டிருந்த 1990-களில், எந்தக் கிடங்கில் எந்த மருந்து எவ்வளவு என்பதைச் சென்னையில் உட்கார்ந்து பார்க்க முடிந்தது. ஒரு மாவட்டத்தில் தேங்கியதை இன்னொரு மாவட்டத்துக்கு மாற்ற வழி பிறந்தது. மாத்திரை அட்டைகளில் அரசு அடையாளமும், விற்பனைக்கல்ல என்ற வாசகமும் அச்சிடப்பட்டன.

இன்னொரு நுணுக்கம் உண்டு. வந்து இறங்கிய மருந்தை உடனே கொடுப்பதில்லை. மாதிரி எடுத்து, தயாரிப்பாளர் பெயர் தெரியாதபடி மறைத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி, சரி என்று அறிக்கை வந்த பிறகே விநியோகம். ஆகவே கணக்கில் இரண்டு பத்தி வேண்டும்: கிடங்கில் உள்ளது, கொடுக்கத் தகுந்தது. இரண்டையும் ஒன்றாகக் கூட்டிவிட்டால் 5,000 இருக்கிறது என்று ஏடு சொல்லும், கொடுக்க 500 கூட இருக்காது. தரத்தகராறில் நிற்கும் பருப்பு மூட்டைகளையும் சேர்த்து இருப்பு எழுதி ஏமாந்தவர்களுக்கு இது புரியும்.

இந்த முறையைப் பார்த்துப் பிற மாநிலங்களும் இதுபோன்ற கழகங்களை அமைத்தன. ராஜஸ்தான் 2011-ல் அமைத்தது; அந்த ஆண்டு அக்டோபர் 2-ல் அங்கே தொடங்கிய இலவச மருந்துத் திட்டத்துக்கு இ-ஔஷதி என்ற மென்பொருள் கிடங்குக் கணக்கைப் பார்த்துக்கொண்டது.

தடுப்பூசிக்கு ஒரு படி மேலே போனார்கள். 2015-ல் இந்தியாவில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு இவின் என்ற ஏற்பாடு தொடங்கியது. தடுப்பூசிக் குளிர்பெட்டியைக் காக்கும் ஊழியர் அன்றைய வரவு செலவைச் செல்போனில் பதிவார். பெட்டிக்குள் இருக்கும் சிறு வெப்பமானி 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் இடையில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்து, தப்பினால் சம்பந்தப்பட்டவர்களின் போனுக்கு எச்சரிக்கை அனுப்பும். பல தடுப்பூசிகள் வெயிலில் மட்டுமல்ல, உறைந்துபோனாலும் கெட்டுவிடும், பார்த்தால் தெரியாது. ஐஸ்கிரீம் விற்பவர்களுக்குக் கரண்ட் போனால் உருகியதாவது கண்ணுக்குத் தெரியும். இங்கே எண்ணிக்கை சரியாக இருக்கும், சரக்கு செத்திருக்கும். 2021-ல் கொரோனா தடுப்பூசி நாடெங்கும் போனபோது அதன் இருப்பைக் கவனிக்கவும் இந்த ஏற்பாடே கைகொடுத்தது.

கருவி பொய் சொல்லும் இடங்கள்

போனோ கம்ப்யூட்டரோ, உள்ளே போடுவதைத்தான் வெளியே தரும். ஆஸ்பத்திரிகளில் கணக்கு தடம் புரளும் இடங்கள் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொன்றும் நம் கடையிலும் உண்டு.

முதலாவது, வார்டு அலமாரி. மருந்துக் கிடங்கிலிருந்து வார்டுக்குப் போனவுடன் "செலவு" என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் அது இன்னும் எந்த நோயாளிக்கும் போகவில்லை. இரவு நேரத்தில் அவசரத்துக்கு இல்லாமல் போய்விடுமோ என்ற பயத்தில் வார்டு நர்ஸ் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்வார். அவரைக் குறை சொல்வதற்கில்லை; ஒரு முறை இல்லாமல் தவித்தவர் மறுமுறை பதுக்கத்தான் செய்வார். சர்க்கரைக்குத் தட்டுப்பாடு என்று ஒரு வதந்தி கிளம்பினால் நாம் என்ன செய்கிறோம்? இப்படிப் பத்து வார்டில் பத்து பெட்டி ஒளிந்திருக்க, கிடங்கில் பூஜ்யம் காட்டும். சப்ளை ஒழுங்காக வரும் என்ற நம்பிக்கை பிறந்தால் அந்தப் பெட்டிகள் தாமாகவே வெளியே வரும். அதட்டி வாங்க முடியாது.

இரண்டாவது, தேதி. முதலில் வந்ததை முதலில் விற்க வேண்டும் என்று நாம் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். மருந்தில் அது போதாது. முதலில் காலாவதி ஆவதைத்தான் முதலில் கொடுக்க வேண்டும். போன வாரம் வந்த பெட்டி, போன மாதம் வந்த பெட்டியைவிட முன்னால் காலாவதி ஆகக் கூடும். இது பிஸ்கட்டுக்கும் மசாலாப் பொடிக்கும் பொருந்தும். ஆபர் கொடுத்துத் தள்ளிவிடும் சரக்கில் பெரும்பாலும் தேதி நெருங்கித்தான் இருக்கும். ஆகவே கணக்கில் எண்ணிக்கை மட்டும் இருந்தால் போதாது, எந்தத் தேதிச் சரக்கு எத்தனை என்றும் இருக்க வேண்டும். எளிய கருவிகள் பலவற்றில் இது இருக்காது. ஐந்து எண்ணை அனுப்பச் சொன்னால் அனுப்புவார்கள். ஐம்பது எண்ணைக் கேட்டால் ஒன்றும் வராது. எதை விடலாம், எதை விடக்கூடாது என்று தேர்ந்தெடுப்பதுதான் கருவி செய்கிறவரின் சாமர்த்தியம்.

மூன்றாவதுதான் மிக மோசம், ஏனென்றால் கணக்கு சரியாக இருக்கும்போதே அது தவறான வழியைக் காட்டும். ஒரு நிலையத்துக்கு 40 பாக்கெட் மருந்து வந்தது. பத்தே நாளில் தீர்ந்தது. மீதி 20 நாள் வந்தவர்களெல்லாம் வெறுங்கையோடு திரும்பினார்கள். மாத முடிவில் கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது: முன் இருப்பு, வரவு, இப்போதைய இருப்பு, ஆக ஒரு மாதச் செலவு 40. அடுத்த மாதத்துக்கும் 40 அனுப்பு என்கிறது. ஏட்டில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் பத்து நாளில் 40 போயிற்று என்றால் மாதத் தேவை 120. இல்லாத சரக்கு செலவாகாது என்பதால் இல்லாத நாட்களைக் கழித்துக் கணக்கிட வேண்டும். இதைச் செய்யாத ஏற்பாட்டில் பற்றாக்குறை ஒவ்வொரு மாதமும் தன்னைத்தானே திரும்ப ஆர்டர் செய்துகொள்ளும். அதிகாரி கையில் இருக்கும் பட்டியலோ எல்லாம் ஒழுங்காக இருப்பதாகக் காட்டும். ஆகவே விஷயம் தெரிந்தவர்கள் இருப்போடு சேர்த்து, எத்தனை நாள் மருந்து இல்லாமல் இருந்தது என்ற கேள்வியையும் கேட்கச் சொல்கிறார்கள்.

நம் பில் போடும் மெஷினும் விற்றதைத்தான் சொல்லும், கேட்டுத் திரும்பியதைச் சொல்லாது. தீபாவளிக்கு முந்தைய வாரம் கடலை மாவு மூன்று நாள் இல்லாமல் போயிருந்தால், அடுத்த ஆண்டு போன தீபாவளி விற்பனையைப் பார்த்து ஆர்டர் போடும்போது அந்த மூன்று நாள் அதில் தெரியாது. அனுபவமுள்ள சில மளிகைக்காரர்கள் கல்லாப் பக்கத்தில் ஒரு சிறு நோட்டு வைத்திருப்பார்கள். யாராவது வந்து ஒரு சரக்கைக் கேட்டு "இல்லை" என்று சொன்னால், அந்தச் சரக்கின் பெயருக்கு நேராக ஒரு கோடு. ஐந்து கோடு சேர்ந்தால் குறுக்கே ஒரு வெட்டு. கம்ப்யூட்டர் வைத்திருக்கும் கடையிலும் இந்த நோட்டுக்கு வேலை இருக்கிறது. ஒரு செல்போனிலும் குறித்துக்கொள்ளலாம். பையன் கூச்சப்படாமல் கோடு போட வேண்டும், "ஏன் இத்தனை கோடு" என்று முதலாளி அவன்மேல் பாயக்கூடாது.